துரை ஆட்டத்தில் வந்த முனி

தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒன்றாக வளர்ந்த நம் பிள்ளைகளின் கைபேசிக் குழுவில் போன வாரம் ஒருவர் தம் மகன் விளையாடும் காட்சியைப் போட்டிருந்தார். கட்டை கட்டையாக அடுக்கிய ஓர் உலகம். பையன் எதையோ நட்டு வைக்கிறான், தரை பிளந்து ஒரு பூதம் எழும்புகிறது. உடனே உங்களில் ஏழு பேர், நம் காலத்தில் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் முனி வந்ததே என்று தொடங்கி ஆளுக்கொரு கதை எழுதிவிட்டீர்கள். வெள்ளிக்கிழமை என்கிறார் ஒருவர். நடுச்சாமம் என்கிறார் இன்னொருவர். கம்ப்யூட்டரிலிருந்து புகை கிளம்பியதாகவும் எழுதியிருக்கிறது. புகை உண்மைதான். அது அம்மா போட்ட சாம்பிராணி.

அந்த வருடம்தான் நான் ஒரு சி.ஆர். கொப்பியில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியிருந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. கொப்பி இன்றும் அலமாரியில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன், ஆகையால் திருத்தங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள். முனி வந்தது சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு. காலையில் பிடித்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம்.

உங்களுக்கு யாருக்கும் நினைவில்லாத ஒன்றையும் கொப்பி சொல்கிறது. அந்தச் சனிக்கிழமை கழிந்து திங்கட்கிழமை விடிய அக்கா கொழும்புக்கு பஸ் ஏற வேண்டும். செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஒரு கம்பனியில் தட்டச்சுப் பரீட்சை. நீங்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு முனியை மட்டும் பார்த்தீர்கள். உள்ளே நடந்ததை இப்போது சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் எப்படி வந்தது என்பதிலும் உங்களுக்குள் தகராறு இருக்கிறது. அதை யாரும் தானம் தரவில்லை. அண்ணன் கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை செய்து, மற்றப் பையன்களோடு அங்கேயே படுத்துக்கொள்வான். முதலாளி புதிது வாங்கியபோது பழையதை அண்ணனிடம் கொடுத்துவிட்டார். நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றிப்போய் வெறுமையாகத் திரும்பும் லொறியில் அது கினிகத்தேனை வரை வந்தது. அங்கிருந்து பஸ். பஸ் நிற்கும் இடத்திலிருந்து அப்பா திரையை மெத்தை உறையில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் ஏறினார். பெட்டியை அக்காவும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நான் கம்ப்யூட்டர் எலியைத் தூக்கிவந்தேன். லொறியில் வந்ததாலோ என்னவோ, பெட்டி சூடேறினால் லீக்ஸ் வாசம் வரும். இன்றைக்கும் லீக்ஸ் வதங்கினால் எனக்கு அதன் விசிறிச் சத்தம் கேட்கிறது.

அது அக்காவுக்காக வந்தது. உயர்தரப் படிப்பை முடித்துவிட்டு ஹட்டனில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்திருந்தாள். அப்பா ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினார். "தீவாளி வரைக்கும் பாப்போம். அதுக்கப்பறம் பேரு பதிஞ்சிரலாம்." பேர் பதிவதென்றால் தோட்டத்தில் ஆளாகச் சேர்வது. விடிய பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா பெயர் கூப்பிடுவார், பிறகு கூடையோடு மலைக்கு ஏற வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை வைத்து நாங்கள் அப்பாவைக் கணக்குப் பண்ணி வைத்திருந்தோம். மகள் வெளியே போவது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது கணக்கு. அதன் பிறகு அக்கா பேசுவதும் சிரிப்பதும் குறைந்துபோயிற்று. காலையும் மாலையும் விசைப்பலகை தட்டும் சத்தம் மட்டும் கேட்கும்.

சனிக்கிழமை இரண்டிலிருந்து நான்கு மணி வரை பெட்டி எனக்கு. அண்ணன் ஒரு சி.டி. தட்டு அனுப்பியிருந்தான், அதன் மேல் அவன் கையெழுத்தில் 'தங்கச்சிக்கு' என்று இருக்கும். அதற்குள்தான் அந்த விளையாட்டு. மண், கல், மரம், எல்லாம் சதுரக் கட்டைகள். ஆடத் தொடங்கும்போது இரண்டு வழி காட்டும். ஒன்றில் நாமே மண் வெட்ட வேண்டும், பசிக்கும், மழையில் நனைந்தால் உயிர் குறையும், இருட்டினால் மிருகம் அடிக்கும். மற்றதில் எதுவும் குறையாது. கை காட்டினால் கல் வரும், வீடு வரும், தோட்டம் வரும். பசி இல்லை, அடி இல்லை, சாவு இல்லை. முதலாவதற்கு அடுத்த காம்பராத் தோழி 'பெரட்டு ஆட்டம்' என்று பெயர் வைத்தாள். இரண்டாவதற்கு 'துரை ஆட்டம்' என்று நான் வைத்தேன். பெரட்டு ஆட்டம் ஆட ஒருவரும் ஒப்பவில்லை. அதை வீட்டிலேயே பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்.

துரை ஆட்டத்தில் நாங்கள் நம் லயத்தைக் கட்டினோம். ஆறு சனிக்கிழமை. குடும்பத்துக்கு ஒன்றாக வரிசையில் பன்னிரண்டு காம்பரா, முன்னால் இஸ்தோப்புத் திண்ணை, தண்ணீர் பிடிக்கும் பீலி, கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா, தேயிலைத் தொழிற்சாலை, துரை பங்களா. கட்டியது நானும் தோழியும். உத்தரவு போட்டது நீங்கள். "எங்க வீட்டுக் கதவு நீலம்டி!" "பீலி இன்னும் கொஞ்சம் கிட்ட வைங்கடி, எங்கம்மா தூக்க ஏலாம தூக்குது." தன் காம்பராவுக்கு மட்டும் மாடி கேட்டு அடம்பிடித்தவர் யார் என்பது கொப்பியில் இருக்கிறது. அவர் இப்போது பெரிய பதவியில் இருப்பதால் சொல்லமாட்டேன்.

அன்றைக்கு மிச்சம் இருந்தது ஆறாம் நம்பர் மலை உச்சியிலுள்ள முனி மட்டும். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து தொடங்கும் முன்பு அப்பா தேங்காய் உடைப்பாரே, அந்தக் கல். நெட்டுக்கு ஒரு கறுத்த கல்லை நிறுத்தினோம். சிவப்புத் துணிக்குப் பதிலாகச் சுற்றிவர ஒன்பது சிவப்புக் கற்கள். சூலம் தேடினோம், இல்லை. விளையாட்டில் சாமான் வைக்கும் பையின் கடைசியில் ஒரு மேளம் இருந்தது.

"தப்பு அடிக்காம நம்ம முனி எப்ப வந்துருக்கு? அத வைய்யி" என்றாள் தோழி. வைத்தேன். அவளே எலியைப் பிடுங்கி மூன்று தட்டுத் தட்டினாள்.

திரை இருண்டது. பெட்டிக்குள்ளிருந்து பாறை உருளும் சத்தம். கறுத்த கல் நின்ற இடம் பிளந்து முதலில் கொம்பு வந்தது, பிறகு நெற்றியில் ஒரே ஒரு கண், பிறகு தொழிற்சாலைக் கூரையை விட உயரமாக ஓர் உடம்பு. தலைக்கு மேல் சிவப்பாக ஒரு நீளக் கோடும் இங்கிலீஷில் ஏதோ பெயரும். அந்த விளையாட்டின் பெரிய அரக்கன் அது என்றும், அவனை அழைக்கும் முறையே ஒரு கல்லும் ஒன்பது சிவப்புக் கல்லும் ஒரு மேளமும்தான் என்றும் பல வருடங்களுக்குப் பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். முனிக்கு இடம் கட்டினோம், தப்பு அடித்தோம், முனி வந்துவிட்டது.

"முனி வந்துருச்சுடோய்!" என்று ஜன்னலில் ஒரு குரல். அடுத்த நிமிடம் ஜன்னலில் ஒருவரும் இல்லை. இரண்டு நிமிடம் கழித்து எல்லாரும் திரும்பி வந்துவிட்டீர்கள், தம்பி தங்கைகளையும் கூட்டிக்கொண்டு.

துரை ஆட்டத்தில் எதுவும் நம்மை அடிக்காது அல்லவா. அதனால் அதுவும் அடிக்கவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டே சும்மா நின்றது. எப்போதாவது ஓர் எட்டு வைத்தால் ஒரு கூரை நொறுங்கும். முதலில் நொறுங்கியது மாடி வீடு.

பீலியில் துவைத்த துணியோடு அக்கா வந்தாள். "நாலு மணியாச்சு. மூடு, நான் டைப் பண்ணணும்."

"மூட ஏலாதுக்கா. முனி நிக்கிது."

"நின்னா என்னா? பையில வாளு இருக்குல்ல, எடுத்து வெட்டு."

"சாமியவா?" என்று ஜன்னலிலிருந்து பத்துப் பேர் ஒரே குரலில் கேட்டீர்கள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பெட்டியை நிறுத்தக் குனிந்தாள். அதற்குள் அம்மா வந்தாள். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேராக வந்தவள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு ஈரத்தோடு தொங்கியது. திரையைப் பார்த்தாள், ஒன்பது சிவப்புக் கல்லைப் பார்த்தாள். படங்கை அவிழ்த்து வெளியே வைத்தாள்.

"தொடாத. கூப்புட்டவுங்கள மூஞ்சில அடிச்ச மாதிரி அனுப்புவாங்களா? அப்பா வரட்டும்."

"அம்மா, அது படம்."

"நம்ம வீட்ல இருக்குற சாமியெல்லாம் என்னாடி? படந்தான? அதுக்கு வெளக்கு வைக்கிறோமா இல்லையா?"

அக்கா நிமிர்ந்துகொண்டாள். அப்பா நோட்டன் பிரிட்ஜில் உறவுக்காரர் வீட்டுக் கருமாதிக்குப் போயிருந்தார், ஞாயிறு பொழுது சாயத்தான் வருவார். அதுவரை பெட்டியை நிறுத்தக் கூடாது என்று முடிவாயிற்று. அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு விசைப்பலகையின் கம்பியைக் கழற்றினாள், சுவரோரம் போய் உட்கார்ந்தாள், பலகையை மடியில் வைத்துக்கொண்டு தட்டத் தொடங்கினாள். எழுத்து எங்கேயும் விழவில்லை. சரியா பிழையா என்று பார்க்கத் திரை இல்லை. டக்டக்கென்று சத்தம் மட்டும். எதிரே கொம்போடு அது நின்றுகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் படையல் கொண்டுவந்தீர்கள். கொப்பியில் பட்டியல் இருக்கிறது: அரை பிஸ்கட், வாழைப்பழம், அவித்த மரவள்ளிக்கிழங்கு இரண்டு துண்டு, யாரோ அப்பாவின் சட்டைப் பையிலிருந்து எடுத்த சுருட்டு. சுருட்டுக்குச் சொந்தக்காரர் தேடிக்கொண்டு வந்து, திரையைப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, சுருட்டை எடுக்காமலே போனார். அம்மா சாம்பிராணி போட்டாள். "பாத்தியா, ரெண்டு நாளா கரண்டுகூடப் போகல" என்று பக்கத்துக் காம்பராவுக்குச் சொன்னாள். அந்த மாதம் முழுக்கத் தினமும் கரண்டு போய்க்கொண்டிருந்தது. அந்த இரண்டு நாளும் போகவில்லை. நான் குறித்திருக்கிறேன், காரணம் சொல்ல எனக்குத் தெரியாது.

இனி வருவதை நான் உங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிறு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போய்விட்டீர்கள். அக்கா இஸ்தோப்பில் தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். நான் தனியாக எலியை நகர்த்தி மேளத்தின் மேல் வைத்து ஒரு தட்டுத் தட்டினேன். முனி முழங்கால் வரை மண்ணில் இறங்கியது. கையை எடுத்தேன். சற்று நேரத்தில் மெல்ல ஏறி நின்றது. இன்னொரு தடவை தட்டிப் பார்த்தேன், மறுபடியும் இறங்கியது. விடாமல் தட்டினால் போய்விடும்.

குசினிக்கு ஓடினேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அத அனுப்பத் தெரிஞ்சுருச்சு."

துருவல் நின்றது. "யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத." இரண்டு இழுப்பு துருவினாள். மறுபடியும் நிறுத்தினாள். "ஒங்கண்ணன் ஆம்பளப் புள்ள. அவனயே கொழும்புல ரெண்டு தடவ பொலிஸ்காரனுங்க ஐடி கேட்டு ஸ்டேசன்ல ஒக்கார வச்சு அனுப்புனானுங்க. இது பொம்பளப் புள்ள." பிறகு, "அது பாட்டுக்கு நிக்கட்டும். யாருக்கு என்னா தொந்தரவு பண்ணுது?"

எனக்கும் ஒரு காரணம் இருந்தது. நானும் அக்காவும் ஒரே கம்பளியில் படுப்போம். மழைக்காலத்தில் அவள் காலுக்கு நடுவே என் காலை வைத்துக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். அவள் நன்றாகத் தட்டினால் போய்விடுவாள், பிழை விட்டால் திரும்பி வருவாள். பன்னிரண்டு வயதில் கணக்கு அவ்வளவு எளிது. திரும்பிப் போய் முனியின் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். அன்றைய நாளுக்குக் கொப்பியில் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுதினேன். இருபத்தாறு வருட நாட்குறிப்புகளில் நான் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான்.

அப்பா ஐந்தரைக்கு வந்தார். இஸ்தோப்பில் நீங்கள் அத்தனை பேரும் நின்றதைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ என்று பயந்துதான் உள்ளே நுழைந்தார். திரை, சாம்பிராணி, சுருட்டு, சுவரோரம் மடியில் பலகையோடு அக்கா. எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"யாரு கூப்புட்டது?"

"நாங்கதாம்ப்பா. தெரியாம."

"தெரிஞ்சு கூப்புட்டா மட்டும் ஒடனே வந்துருமாக்கும்" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார்.

திரும்பி வந்து திருநீறு பூசினார், தட்டில் கற்பூரம் வைத்தார், ஓர் எலுமிச்சங்காயை வெட்டினார். மலையில் பேசுவதைப் போலவே பேசினார், குரலை உயர்த்தவில்லை. "சாமி, சின்னப் புள்ளைங்க தெரியாமக் கூப்புட்டுருச்சுங்க. வந்ததுக்கு ரெண்டு நாளு ஒக்கார வச்சு மரியாதை பண்ணிட்டோம். பெரிய புள்ளைக்கு விடிஞ்சா பயணம் இருக்கு. அது படிக்கணும். எடத்த விட்டுக் குடுத்துட்டு மலையேறிருங்க."

சுவரோரம் தட்டும் சத்தம் நின்றது.

"பயணமா?" என்றாள் அம்மா. "நீங்கதான பேரு பதியணும்னீங்க?"

"அது வேல கெடைக்காட்டித்தான். போறதுக்கு முன்னாடியே எதுக்குப் பதியணும்? சாமி முன்னாடி பேசாத, கற்பூரம் அணையப் போகுது."

"போயி எங்க தங்குவா? யாரு பாத்துக்குவா?"

அப்பா சட்டைப் பையிலிருந்து விலாசம் எழுதி நான்காக மடித்த தாளை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். கருமாதிக்கு வந்திருந்த ஒரு பெண் கொட்டாஞ்சேனையில் இருக்கிறாளாம், எங்களுக்கு அத்தை முறை. ஆறு பெண்பிள்ளைகளுக்கு வீட்டில் இடம் கொடுத்திருக்கிறாள். அவளைப் பார்க்கத்தான் அப்பா அவ்வளவு தூரம் போயிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. செத்தவர் அப்படி ஒன்றும் நெருங்கிய உறவில்லை.

அம்மா அந்தத் தாளை விரித்துப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் வெகுநேரம் பார்த்தாள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "எப்புடி அனுப்புறதுன்னு தெரியுமா, தாயி?"

நான் அம்மாவைப் பார்த்தேன். தெரியாது என்ற சொல் எனக்கு வாய் வரை வந்துவிட்டது. அக்கா என்னைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா தாளை மடித்தாள், நான்காகவே, அதே மடிப்பில்.

"காட்டுடி" என்றாள்.

மேளத்தைத் தட்டினேன். முழங்கால், இடுப்பு, மார்பு. பதினேழு தட்டு. "மலையேறச் சொன்னா பள்ளத்துல எறங்குது!" என்று ஜன்னலில் யாரோ கத்தினீர்கள். அப்பாவே சிரித்துவிட்டார். கடைசியில் கொம்பும் போயிற்று. சிவப்புக் கோடு மறைந்தது. நொறுங்கிய கூரைகளோடு நம் லயம் மட்டும் கிடந்தது. அப்பா கற்பூரத் தட்டைத் திரைக்கும் எங்களுக்கும் காட்டினார். எல்லாரும் எடுத்துக்கொண்டீர்கள். மாடி வீட்டுக்காரர் அழுதார்.

அக்கா எழுந்து விசைப்பலகையின் கம்பியைச் சொருகினாள், பெட்டியை நிறுத்தித் திரும்பப் போட்டாள். படுக்கும் வரை தட்டினாள். இரண்டு நாள் திரை இல்லாமல் தட்டியதில் விரல்கள் ஓர் எழுத்துத் தள்ளிப் பழகியிருந்தன. வரி வரியாகப் பிழை. ஒவ்வொரு தடவையும் அவள் 'ச்சு' கொட்டும்போது நான் கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். அம்மா கோதுமை மாவு பிசைந்து ரொட்டி தட்டினாள், கட்டா சம்பல் இடித்தாள், இடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு மிளகாயைத் திட்டினாள்.

திங்கட்கிழமை விடிய அப்பா பெரட்டுக்குப் போகவில்லை. கண்டாக்கையா இரண்டு தரம் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, ஆளுக்குக் காய்ச்சலா என்று கேட்டாராம். அப்பா பெயருக்குப் பதில் வராமல் போனதை அவர் அதுவரை கண்டதில்லை. அந்த நேரத்தில் அப்பா அக்காவின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு குறுக்குப் பாதையில் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார். அக்கா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். வளைவில் திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பாதை வழுக்கல். அவள் காலடியைப் பார்த்துக்கொண்டே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமைப் பரீட்சையில் அவள் தேறவில்லை. பிழை அதிகம், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. கொட்டாஞ்சேனை அத்தை வீட்டில் இருந்து பழகி, அடுத்த மாதம் தேறினாள். தீபாவளிக்கு வரவில்லை. பொங்கலுக்கு வந்தாள், அம்மாவுக்கு ஒரு சேலையும் எனக்கு ஒரு தனிக் கம்பளியும் கொண்டுவந்தாள். அந்தக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவளிடம் மேளத்தைப் பற்றிச் சொல்ல என்னால் முடியவில்லை.

போன வருடம்தான் சொன்னேன். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இனி யாரையும் காட்டிக்கொடுப்பதாகாது. கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில், அக்கா வீட்டுக் குசினியில், அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஞாயிறு மத்தியானம், மேளம், அம்மா சொன்னது, நான் ஒளித்தது, ஒரு மாதம் தள்ளிப்போனது, எல்லாவற்றையும் நேரத்தோடு சொன்னேன்.

"லூசு" என்றாள். "இத்தன வருசமா இதச் சொமந்துக்கிட்டா திரிஞ்ச? ஒரு பெட்டிய நிறுத்த எனக்குத் தெரியாதாடி? ஆறு மாசம் ஹட்டன்ல வேற என்னாத்தப் படிச்சேன்?"

"அப்பறம் ஏன்க்கா நிறுத்தல?"

குழாயை மூடினாள். கையை முந்தானையில் துடைத்தாள்.

"பயமா இருந்துச்சு. கொழும்ப நான் எங்க கண்டேன்? அது நிக்கிற வரைக்கும் போக வேண்டியதில்லன்னு இருந்துச்சு. போகாதன்னு அம்மா ஒரு வார்த்த சொல்லும், இல்லாட்டி நீயாச்சும் அழுவன்னு பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தேன். சொல்லியிருந்தா நின்னுருப்பேன். ரெண்டு நாளும் அதுக்குச் சாம்பிராணி போட்டீங்களே ஒழிய எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல."

ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நல்ல வேள, சொல்லல" என்றாள்.